சீனியம்மாளின் மருமகள் பரீட்சைக்குப் படிக்கிறாள்

பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் முத்துப்பாண்டி, காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, தெருமுனையிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினான். தொட்டிலில் குழந்தை முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அதைப் பெற்றவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏ மீனா, காது கேக்கலையா? பிள்ளை இம்புட்டுக் கத்துது!"

"கேக்குதுங்க." மீனாவின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தூக்கப் பயமா இருக்கு. கீழ போட்ருவேனோன்னு கை நடுங்குது."

பெற்ற பிள்ளையைத் தூக்கப் பயப்படுகிறாள் என்றால், கட்டியவன் அவளுக்காகப் பதறியிருக்க வேண்டும். முத்துப்பாண்டிக்கு எரிச்சல்தான் வந்தது. அவளுடைய அண்ணன் வீட்டில் பிரசவம் முடிந்து, ஐந்தாம் மாதம் சீரோடு பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்தே மீனா இப்படித்தான் இருந்தாள். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் கண்ணீர் வடிந்தது. இதையெல்லாம் அவன் 'பசப்பு வேலை' என்றான். அவன் அம்மா சீனியம்மாள், "பச்ச உடம்பு, போகப்போகச் சரியாயிரும்" என்றாள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா ஒருவர் மீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவனைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை பெத்தவங்க சில பேருக்கு மனசு இப்படி விழுந்துரும் தம்பி. பயப்பட வேணாம், வைத்தியம் இருக்கு. மனநல டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க."

மனநல டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் முத்துப்பாண்டி மனைவியைப் பார்க்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண்ணுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தான். 'மண்டிக்காரன் பொண்டாட்டிக்குப் பைத்தியமாம்' என்று மார்க்கெட் முழுக்கப் பேசுவார்கள். பெண் பிள்ளை வேறு. நாளைக்கு அதைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா? பல் முளைக்காத குழந்தைக்கு மாப்பிள்ளை கிடைக்காதே என்று கவலைப்படுகிற அளவுக்கு நம்மாட்களுக்கு முன்யோசனை உண்டு.

அன்று போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. தயக்கத்தை உடைப்போம், தன்னம்பிக்கை வளர்ப்போம் என்று இருந்தது. கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் மதுவந்தி என்கிற பெண் நடத்தும் பயிற்சி. வேலை தேடுகிறவர்கள், மேடையில் பேச நடுங்குகிறவர்கள், தொழில் தொடங்கலாமா என்று தடுமாறுகிறவர்கள் அவளிடம் வந்தார்கள். அங்கே மருந்து வாடை இல்லை, டோக்கன் இல்லை, தெரிந்த முகம் எதுவும் இல்லை. பல் வலிக்குப் பல் டாக்டரிடம் போகிற மனுஷன், மனசு வலிக்கு மட்டும் கௌரவமான கடையாகத் தேடிப் போனான்.

வாரத்தில் ஒரு நாள் இருவரும் வண்டியில் கிளம்புவதைத் தெருவே பார்த்தது. எங்கே போகிறீர்கள் என்று சீனியம்மாள் கேட்டாள். முத்துப்பாண்டி யோசிக்கவேயில்லை. "குரூப் பரீட்சை எழுதப் போறாம்மா. அதுக்குத்தான் கோச்சிங்."

மீனா பி.காம். படித்தவள்தான். ஆகவே பொய் கச்சிதமாகப் பொருந்தியது. சீனியம்மாள் பூரித்துப்போனாள். எதிர்வீடு, பக்கத்துவீடு, பால் ஊற்றுகிறவர் என்று எல்லோரிடமும் சொன்னாள். பொய்க்கு முட்டுக் கொடுக்க முத்துப்பாண்டி தடித்தடியாக நாலைந்து கைடுகளையும் வாங்கிவந்து அடுக்கினான்.

அந்தப் பொய் செய்த கொடுமை பிறகுதான் ஆரம்பித்தது. மருமகள் படிக்கட்டும் என்று சீனியம்மாள் அவள் அறைக் கதவைச் சாத்தினாள். பால் கொடுக்கிற நேரம் போக, குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். பேச வந்த பெண்களை, "படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணாதீக" என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். ஆறுதலாக ஒரு குரல் கேட்க ஏங்கியவள், பிரிக்காத புத்தகங்களோடு நாள் முழுக்கச் சாத்திய அறைக்குள் கிடந்தாள்.

மதுவந்தியிடம் மீனா அதிகம் பேசவில்லை. ஒரு நாள், முத்துப்பாண்டி கீழே டீ குடிக்கப் போயிருந்தபோது, மதுவந்தி வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "அடுத்த வருஷம் இந்நேரம் எப்படி இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?"

"இல்லாம இருக்கணும்" என்றாள் மீனா.

மதுவந்தி பேனாவைக் கீழே வைத்தாள். நாற்காலியை நகர்த்தி மீனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "சொன்னதுக்கு நன்றி மீனா. உங்களுக்கு ஏத்த ஆளை விசாரிச்சுட்டு, இன்னைக்கு மத்தியானமே போன் பண்றேன்" என்று கையைப் பிடித்துச் சொன்னாள். ஆனால் பெயர் பதிந்த அன்று முத்துப்பாண்டி கொடுத்திருந்தது அவனுடைய நம்பர்.

"சார், மீனாகிட்ட பேசணும்."

"தூங்குறா மேடம். எங்கிட்டயே சொல்லுங்க."

மதுவந்தி சற்றுத் தயங்கினாள். பிறகு தெளிவாகவே சொன்னாள். "நான் பண்றது கோச்சிங் சார். நல்லா இருக்கிறவங்க இன்னும் முன்னேறுறதுக்கு வழி சொல்றது. மீனாவுக்கு இப்ப வேண்டியது வைத்தியம். கால் ஒடஞ்சவங்களை ஓடச் சொல்லிப் பழக்கினா அது பயிற்சி இல்ல, பாவம். மனநல டாக்டர்கிட்ட உடனே கூட்டிட்டுப் போங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயே பார்ப்பாங்க. அவங்களைத் தனியா விடாதீங்க."

"சரிங்க மேடம், நான் பாத்துக்கிறேன்" என்றான் முத்துப்பாண்டி.

அவன் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். குலதெய்வம் கோயிலில் பந்தல் சொல்லியாயிற்று, ஃப்ளெக்ஸ் அடித்தாயிற்று. அதில் மீனாவின் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் பெரிதாகப் போட்டிருந்தான். இந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால்? முதலில் விசேஷம் முடியட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மீனாவிடம், "அந்த மேடத்துக்கு நேரமில்லையாம். வீட்ல இருந்தே தைரியத்தை வளத்துக்கச் சொல்லிருச்சு" என்றான். மதுவந்தி அடுத்தடுத்து அழைத்தபோது போனை எடுக்கவேயில்லை.

மீனா சரியென்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காதுகுத்து டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே, கண்மாய்க்கரைக் கோயிலில் நடந்தது. மீனாவின் அண்ணன் சூரியபிரகாஷ், தாய்மாமன் சீரை வேட்டுச் சத்தத்தோடு கொண்டுவந்து இறக்கினான். குழந்தை அவன் மடியில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டு, காது குத்தும்போது வீறிட்டு, வாயில் சர்க்கரை வைத்ததும் அடங்கியது. ஊரே சிரித்தது. மீனாவும் உதட்டை இழுத்துச் சிரிக்கப் பார்த்தாள். போட்டோக்காரர், "அக்கா, கொஞ்சம் நல்லாச் சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சூரியபிரகாஷுக்குத் தங்கச்சி என்றால் உயிர். சந்தோஷம் தாங்காமல் மைக்கைப் பிடுங்கினான். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். எந்தங்கச்சி கைப்பிள்ளையை வச்சுக்கிட்டுக் கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்குது. நாளைக்கு நீங்கள்லாம் மனுவைத் தூக்கிக்கிட்டு எந்தங்கச்சி ஆபீஸ் வாசல்லதான் நிக்கப்போறீக! ஆத்தா மீனா, ரெண்டு வார்த்தை பேசு."

கைதட்டல் எழுந்தது. மைக் மீனாவின் கைக்கு வந்தது. 

"நான் படிக்கலண்ணே" என்றாள். ஒலிபெருக்கி அதைக் கண்மாய் வரைக்கும் கொண்டுபோனது. "எனக்குத் தூக்கமே வரல. பாப்பாவைத் தூக்கப் பயமா இருக்கு. நான் இல்லாமப் போனாத்தான் அதுக்கு நல்லதுன்னு தோணிக்கிட்டே இருக்கு. கதவைச் சாத்தாதீங்க. யாராச்சும் எங்கூட இருங்க."

 முத்துப்பாண்டி பாய்ந்து வந்தான். கல்யாணத்தன்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அக்கினியைச் சுற்றி வந்தவன், இன்று அதே கையிலிருந்து மைக்கைப் பறித்தான். அவளைத் தாங்கிப் பிடிக்கத் தோன்றவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, "அசதி, வெயில் ஒத்துக்கல" என்று கூட்டத்தைப் பார்த்து இளித்தான். காத்துக்கருப்பு அடித்திருக்கும், கோடாங்கியைக் கூப்பிடுங்கள் என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

மீனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சீனியம்மாள்தான் முதலில் அவளிடம் போனாள். "தாயி, நான் படிப்புன்னுல்ல நெனச்சேன்! கதவைச் சாத்தினவ நாந்தானே" என்று மருமகளின் தலையை மடியில் போட்டுக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

சூரியபிரகாஷ் முத்துப்பாண்டியின் தோளைப் பிடித்துத் திருப்பினான். "மாப்ள, என்ன நடக்குது இங்க? எங்கிட்டயாச்சும் உண்மையைச் சொல்லுங்க."

முத்துப்பாண்டிக்குத் தலை தானாகக் குனிந்தது. நர்ஸம்மா சொன்னது, கோச்சிங் என்று கதை கட்டியது, கடைசியில் மதுவந்தியின் போன் என்று எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. "உடனே டாக்டர்கிட்டப் போகச் சொன்னாங்க மச்சான். நாந்தான் சொல்லல. விசேஷம் முடியட்டும்னு இருந்துட்டேன்."

மீனா மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அந்த மேடம் போன் பண்ணாங்களா?"

அவன் குனிந்த தலையை ஆட்டினான்.

"நான் எதுக்கும் லாயக்கில்லன்னு அவங்களும் விட்டுட்டாங்கன்னு நெனச்சேங்க. அன்னையிலருந்துதான் சாகணுங்கிற நெனப்பு என்னை விடவேயில்ல."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அத்தனை பேர் பார்க்கக் கூசி நின்றவன், அவள் ஒருத்தியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். பந்தியில் இலை போட்டது போட்டபடி இருக்க, அண்ணனும் புருஷனும் மாமியாருமாக அவளை அங்கிருந்து நேரே மதுரைக்குக் கூட்டிப்போனார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் அன்றே பார்த்தார்கள். மருந்து கொடுத்து, யாராவது ஒருவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லி, சில நாளில் திரும்ப வரச் சொன்னார்கள். மனம்விட்டுப் பேசி ஆற்றும் சிகிச்சையும் தொடர்ந்து கொடுக்க வேண்டும், இது பலருக்கும் வருவது, குணமாகக்கூடியது என்றும் டாக்டரம்மா விளக்கினார்.

மறுபடி போன நாளில், மனநலப் பிரிவுக்கு வெளியே கணவனும் மனைவியும் பெஞ்சில் காத்திருந்தார்கள். எலும்பு முறிவுக்காரர் ஒருவரைப் பார்க்க வந்த சோணைமுத்து அந்த வழியாக வந்தார். மார்க்கெட்டில் பக்கத்து மண்டிக்காரர். அவர் வாயில் விழுந்த செய்தி மதியத்துக்குள் பரவையைச் சுற்றிவிடும். தூரத்தில் வரும்போதே மீனா அவரைப் பார்த்துவிட்டாள். சத்தமில்லாமல் எழுந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, மூன்றாவது பெஞ்சில் போய்த் தனியாக உட்கார்ந்தாள்.

சோணைமுத்து வாசல் போர்டை ஒரு பார்வை பார்த்தார். "என்ன தம்பி, இங்க உக்காந்திருக்க? யாருக்காச்சும் துணைக்கு வந்தியா?"

பொய்யை அவரே கையில் எடுத்துக் கொடுத்தார். ஆமாண்ணே என்றால் முடிந்தது. முத்துப்பாண்டி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தான். அவன் பொய் சொல்ல வசதியாக அவள் விலகிப் போயிருந்தாள். அந்த உடம்போடு, அந்த மனசோடு, அவனுடைய மானத்தைக் காப்பாற்ற எழுந்து போயிருந்தாள். 

எழுந்து போய் அவளை ஒட்டி உட்கார்ந்தான். தலையிலிருந்த முந்தானையை மெதுவாக இறக்கிவிட்டு, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு நடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"எம்பொண்டாட்டிக்கு மனசு சரியில்லண்ணே. அதுக்கு வைத்தியம் பாக்க வந்திருக்கோம். மார்க்கெட்ல தாராளமாச் சொல்லுங்க. சீக்கு வந்ததுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. டாக்டரைப் பாக்க வேண்டியவளை, ஊர் என்ன பேசுமோன்னு பயந்து பொய் சொல்லி மறைச்சு வச்சேன் பாருங்க, வெக்கப்பட வேண்டியது அதுக்குத்தான். அந்த வெக்கம் எனக்கு மட்டுந்தேன். இவளுக்கு இல்ல."