பூத்தையல்

தையல் இயந்திரத்தை அவள் மறுபடியும் துடைத்தாள். அதில் தூசி இல்லை. கைதான் சும்மா இருக்க மறுத்தது. துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின்கள் தைக்கும் அறை அது. பள்ளிக்கூடம் திருப்பியனுப்பிய மூட்டை மூலையில் கிடந்தது. கசிகிறதாம். அடுத்த முறையும் கசிந்தால் வேண்டாமாம். அப்புறம் இங்கே தைக்கும் எட்டுப் பெண்களும் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

"அண்ணி, கூட்டத்துக்குக் கிளம்பலையா?" நாத்தனார் நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டாள். "உங்கள மாதிரி ஊருக்கு உதவுற தொழில் பண்றவங்கல்லாம் வராங்க. சரியா வராத பொருளைத்தான் கொண்டுவரச் சொன்னாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு."

இருந்தும், மூட்டையைத் தாண்டிப் போய், நடுவில் பூத்தையல் போட்ட அழகான நாப்கின் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டாள். தைக்கும் ஒவ்வொன்றிலும் போடும் அந்தப் பூதான் அவள் பெருமை.

கூட்டத்தில் மேசை நிறையத் தோற்றுப்போன பொருள்கள். நடைபாதை வியாபாரிகளுக்கு மழைக்கோட்டு தைப்பவர் பாதியில் நின்ற கோட்டைத் தூக்கிக் காட்டினார். "தைக்க வர்ற பொண்ணுங்க நிக்க மாட்டேங்கறாங்க. என் மூஞ்சி சரியில்லையோ என்னமோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை. அவளுடைய நாப்கின் கைமாறிப் போனது, பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் அந்த மூட்டைதான் கண்ணில் நின்றது. தன் யோசனையை யாராவது திருடிவிடுவார்கள் என்று பயந்துதான் இத்தனை நாள் இந்தக் கூட்டங்களுக்கு வராமல் ஒதுங்கியிருந்ததாக நினைத்திருந்தாள். அது பொய். தனக்குத் தெரியாதது வெளியே தெரிந்துவிடுமே என்பதுதான் பயம்.

"அது கசியுது," என்றாள், யாரும் கேட்காமலே.

மழைக்கோட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பூ ரொம்ப அழகும்மா. ஆனா அடியில வெச்ச தண்ணி புகாத துணியில ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான். ஓரத்துல மட்டும் தைங்க. நானும் முதல்ல இப்படித்தான் பாதி ஊரை நனைச்சேன்."

அவளுக்கு முகம் சுட்டது. நாப்கினை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க பொண்ணுங்க குழந்தைகளை எங்க விட்டுட்டு வராங்க?"

"அதை நான் கேட்டதே இல்லையே!"

"எங்க அறையில ஒரு பக்கம் தொட்டில்தான். வந்து பாருங்க."

திரும்பியதும் பூவில்லாமல் ஒன்று தைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அடியில் விரித்த காகிதம் நனையவில்லை. அப்படியும் மனம் நம்பாமல் மறுபடி ஊற்றினாள்.

"என்ன அண்ணி, யோசனையைத் திருடிட்டாங்களா?"

"குறையை யாருடி திருடுவா? பொத்தி வெச்சா அது நம்மகிட்டயேதான் கிடக்கும். நாலு பேர் முன்னாடி வெச்சாத்தான் நமக்கும் தொழில் படியும், அவங்களுக்கும் படியும். அந்த மூட்டையை இப்படி நடுவுல கொண்டா."