உரிமையாளர் 1001

அனுமதி இல்லை என்று கணினி நாலாவது தடவையும் சொன்னபோது சித்திக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் பத்து சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவள் அவள். வீட்டு லினக்ஸ் கணினியில் ஒரு ஃபோல்டரைத் திறப்பது அவளுக்குத் தூசு. ஆனால் இந்த ஃபோல்டர் கணவனின் முதல் மனைவியுடையது. செத்து நாலு வருஷமாகியும் அந்தப் புண்ணியவதி இந்த வீட்டில் ஒரு இடத்தைக்கூட காலி செய்து தரவில்லை.

சாயங்காலம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாகப் போட்டுவிடலாம், அதற்குள் முடிந்தால் திறந்து பார் என்று கணவன் சொல்லிவிட்டு வெளியே போயிருந்தான். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் மகள் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது. அவள் சைக்கிள் பழகிய வீடியோ அதற்குள்தான் இருக்கிறதாம். எடுத்தது அம்மா என்பதால் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரல் வேறு எதிலும் இல்லை.

சித்தி கோப்புகளின் உரிமை விவரத்தை வரவழைத்தாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001 என்று வெறும் எண். பயனரை நீக்கிவிட்டால் கணினி அவருக்குத் தந்திருந்த எண்தான் கோப்புகளில் மிஞ்சும். சட்டென்று புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால், வருகிறவள் மனம் நோகக் கூடாதென்று கணவன் பழைய பயனர் பெயரை நீக்கியிருக்கிறான். கோப்புகளை வைத்துக்கொள்ளவா என்று கணினி கேட்டிருக்கும். வைத்துக்கொள் என்றிருக்கிறான். பெயரை எடுத்துவிட்டு ஆளைப் பத்திரப்படுத்திய அந்தச் சாமர்த்தியத்தை நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொழுது சாய்வதற்குள் எல்லாம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு, அழிப்பதைவிட எடுத்துக்கொள்வது மேல் என்று தோன்றியது. அத்தனை கோப்புகளையும் தன் பெயருக்கு மாற்றினாள். வரிக்கு வரி அவள் பெயர் வந்து விழுந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மகள் திரையில் விரல் வைத்து ஒரு வரியின் தேதியைப் படித்தாள்.

"அன்னிக்கு நீங்க இல்லையே சித்தி."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. விடையில் தப்பு இருப்பதைக் காட்டுகிற குரல்.

சித்தி வீடியோவைத் திறந்தாள். ஒரு தெரு, ஒரு சின்ன சைக்கிள். தேன் குரலாக இருக்கும் என்று இத்தனை நாள் பயந்திருந்தாள். ஜலதோஷம் பிடித்த, சாதாரணக் குரல்.

"பிடிச்சிட்டுதாண்டி இருக்கேன், நீ மிதி."

சைக்கிள் அதற்குள் வெகுதூரம் போயிருந்தது. மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் சித்தி கேட்டதே இல்லை. எரிச்சல் அடங்கவில்லை, இன்னும் ஒரு படி ஏறியது.

கோப்புகளைத் தன் பெயரிலிருந்து மறுபடியும் அந்தப் பழைய எண்ணுக்கே மாற்றினாள். புதுப் பயனருக்கான கட்டத்தைத் திறந்து, எண் 1001 என்று போட்டாள். பெயர் கேட்டது.

"உங்கம்மா பேர ஒவ்வொரு எழுத்தா சொல்லு."

தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய பெயர்தான் அது. மகள் முதல் எழுத்தைச் சொன்னாள். சித்தி அடித்துவிட்டு, அடுத்ததற்குக் காத்திருந்தாள். திரையின் மூலையில் சைக்கிள் இன்னும் போய்க்கொண்டிருந்தது.