பதினாலாவது மிஷின்

எங்கள் லைனில் இருபத்திரண்டு பேர். எல்லோரும் பொம்பளைகள். உத்திரமேரூரில் கம்பெனி பஸ் ஏறினால் ஏழு மணிக்கு ஷூ கம்பெனி வாசலில் இறக்கிவிடும். ஒரு ஷூவின் மேல்பாகம் இருபத்திரண்டு கை மாறித்தான் முழுசாகும். பதினாலாவது கை திருப்புலிவனத்துச் செங்கேணியுடையது. அவள் ஷூவில் லேஸுக்கு அடியில் வரும் நாக்கை வைத்துத் தைப்பாள். பதினைந்தாவது நான். அவள் தைத்ததை வாங்கி, தொங்கும் நூலை வெட்டி, தையலைப் பார்த்து அடுத்தவளிடம் தள்ளுவேன்.

நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். சூப்பர்வைசர் தினேஷ்குமார் காலையில் பேர் கூப்பிட்டு டிக் போடுவார். கூப்பிட்ட பேருக்கு ஆள் இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவள் "வரா சார்" என்பாள். நடவுக்குப் போன காலத்துப் பழக்கம் அது. ஒருத்தி வரவில்லை என்று நாங்கள் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவளுக்கு ஆகாது. வரா என்றால் வரப்பில் வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். பாதி நாள் அது பொய். வயல் மேஸ்திரிக்கும் தெரியும்.

ஆவணியில் செங்கேணிக்குக் காய்ச்சல் வந்தது. லீவு கேட்டாள்.

"ஒரு ஆள் குறைஞ்சா எனக்கு மேல இருந்து போன் வரும்மா. மாத்திரைய போட்டுக்கினு உட்காரு" என்றார் தினேஷ்குமார்.

மூன்று நாள் உட்கார்ந்தாள். சனிக்கிழமை ராத்திரி செத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து தலை முழுகினேன்.

திங்கட்கிழமை காலையில் தினேஷ்குமார் "செங்கேணி" என்றார்.

"வரா சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயை நானே பொத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மங்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். விஷயம் தெரியாத தினேஷ்குமார் டிக் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பதினாலாவது ஸ்டூல் காலி. பதிமூன்றில் சுகிர்தா தைத்து வைத்தவை அந்த மேஜையில் சேர்ந்துகொண்டே இருந்தன. நான் குனிந்து கத்தரிக்கோலைத் தேடினேன். நிமிர்ந்தால் என் தட்டில் நான்கு ஷூ. நாக்கு வைத்துத் தைத்திருந்தது. முடிகிற இடத்தில் மூன்று தையல் பின்னால் இழுத்து முடிச்சு. செங்கேணி ஒருத்திதான் அப்படி இழுப்பாள்.

"சுகிர்தா, நீயா தெச்ச?"

"இன்னாக்கா, என்னுதையே என்னால முடிக்க முடியல."

பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. கண்ணை எடுத்தால் நடக்கும். சாயங்காலம் போர்டில் டார்கெட் முழுசாக எழுதினார்கள்.

மறுநாள் செங்கேணி செத்தது தினேஷ்குமாருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் லிஸ்டில் இருந்து பேரை எடுக்கவில்லை. ஆள் குறைவு என்று மேலே சொன்னால் திட்டு விழும். இங்கேயோ வேலை குறையவில்லை. தினமும் பேரைக் கூப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் "வரா சார்" என்பேன். பிறகு பதினாலாவது மிஷினில் பெல்ட் சுற்றுகிற சத்தம் கேட்கும்.

"உசுரோட இருக்க சொல்ல கூட இவ்ளோ சுருக்கா தெச்சதில்லடி அவ" என்றாள் மங்கம்மா. சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அப்புறம் ஹெட் ஆபீசிலிருந்து நிஷா மேடம் வந்தார். கையில் நேரம் பார்க்கிற மிஷின். எங்கள் லைனில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினார். இருபத்தொன்று. போர்டைப் பார்த்தார். இருபத்திரண்டு பேருடைய வேலை.

"பதினாலுல ஆளே இல்லாம லைன் ஓடுது. அப்போ இவ்ளோ நாளா ஒரு ஆள் வேஸ்ட். இன்னொரு ஆளையும் குறைச்சுப் பார்க்கலாம். சரியா வந்தா எட்டு லைன்லயும் செய்யலாம்" என்று தினேஷ்குமாரிடம் சொன்னார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு "சரி மேடம்" என்றார்.

கடைசியாகச் சேர்ந்தவள் சுகிர்தா. புருஷன் விட்டுப் போனவள், இரண்டு பெண் குழந்தைகள். நாலு கம்பெனி வாசலில் நின்றவளை இங்கேதான் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடச் சொன்னார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"பதிமூணுக்கு இன்னா பண்ணுவாங்களாம்?" என்று கேட்டேன்.

"இன்னொருத்தி செத்தா அதுவும் ஓடும்னு நெனச்சிக்கினு கீறாங்க" என்றாள் மங்கம்மா.

அன்று வேலையில் என் கை ஓடவில்லை. தட்டில் ஷூ வந்து விழுந்துகொண்டே இருந்தது. செங்கேணி யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. நான் வரா என்று சொன்னேன், அவள் வந்தாள். வேலை இருந்தது, செய்தாள். அவள் செய்யச் செய்ய சுகிர்தாவின் இடம் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை மேடம் பக்கத்தில் நிற்கும்போதே தினேஷ்குமார் பழக்கத்தில் எல்லாப் பேரையும் கூப்பிட்டார்.

"செங்கேணி."

நான் திரும்பி சுகிர்தாவைப் பார்த்தேன். அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார்.

"வர மாட்டா சார்" என்றேன். "அவ இனிமே வர மாட்டா."

மங்கம்மா என் முழங்கையைப் பிடித்தாள். தினேஷ்குமார் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்து அந்தப் பேரின் மேல் கோடு போட்டார்.

பதினாலாவது மேஜையில் பத்து மணிக்கு ஷூ மலைபோலக் குவிந்தது. நான் குனிந்தேன், நிமிர்ந்தேன். கண்ணை மூடியும் பார்த்தேன். தட்டு காலியாகவே இருந்தது. பதினொரு மணிக்கு எனக்குப் பின்னால் இருந்த ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடம் நேரம் பார்த்துப் பார்த்து எழுதினார். வெள்ளிக்கிழமை வரை மூன்று நாளும் டார்கெட்டில் பாதி கூட வரவில்லை. நாங்கள் வேண்டுமென்றே செய்கிறோம் என்று அவர் எழுதிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். எழுதட்டும். சுகிர்தாவைப் பதினாலில் உட்கார வைத்தார்கள். பதிமூன்றுக்குப் புது ஆள் எடுத்தார்கள். மற்ற லைன்களில் யாரையும் தொடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் புது டிரைவர். சுகிர்தா என் பக்கத்தில் உட்கார்ந்து நாஷ்டா டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு இட்லி எடுத்துக் கொடுத்தாள். செங்கேணி ஏறுகிற திருப்புலிவனத்தில் பஸ் நின்றது. டிரைவர் கதவைத் திறந்தார். யாரும் ஏறவில்லை. அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாண்ணா, ஏன் நிக்கிற?" என்றாள் சுகிர்தா.

"ஒரு பொம்பள கை காட்டிச்சே. ஏற மாட்டேங்குது, உங்களையே பாத்துக்கினு நிக்குது. உங்க ஆளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"எங்க ஆளு இல்லண்ணா" என்றேன். "வண்டிய எடு."