உள்ள ஒருத்தர் இருந்தா போறும்

“இது வெளிய வராது மேடம். நெட்லயும் போட மாட்டாங்க, பேப்பர்லயும் போட மாட்டாங்க. முதலாளி என்கிட்ட சொன்னாரு, நான் உங்ககிட்ட சொல்றேன். இன்னொரு காதுக்குப் போச்சுன்னா காரியம் கெட்டுடும்,” என்றான் சித்தார்த்தன்.

பெருங்குடியில் நான் வேலை பார்த்த ஐ.டி. கம்பெனியில் அவன் எனக்குக் கீழே இருந்தவன். ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் எங்கள் இலாகா. ஒரு நாள் என்னையும் அதே கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, நான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த அதே வாக்கியங்களை எனக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. சித்தார்த்தன் இப்போது தனியாக, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தொழில் செய்கிறான்.

வேலை தி.நகரில், பாண்டி பஜாரை ஒட்டி மாடி மாடியாக நிற்கும் ஒரு ஜவுளிக் கடையில். எச்.ஆர். மேனேஜர். ஐ.டி.யில் இருந்துவிட்டு ஜவுளிக் கடையா என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நாற்பத்து நாலு வயதில் ஒரு வருஷம் முழுசாக வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த ஒரே காரணத்துக்காக எத்தனை பேருடைய பயோடேட்டாவை நானே ஓரம் கட்டியிருக்கிறேன்! எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் என்கிற அளவுக்கு வேண்டும். என் கணவர் கிரீஷ் தினமும் காபி டம்ளரை நீட்டி, “ஒண்ணும் அவசரமில்லை ரஞ்சனி” என்று சொல்லும்போது அந்தக் காபியை அவர் தலையிலேயே கொட்டலாம் போல வரும். அன்பாகப் பேசுகிற மனிதர் மேல் இவ்வளவு எரிச்சல் வருவது எனக்கே அசிங்கமாக இருந்தது.

இன்டர்வியூ வெள்ளிக்கிழமை காலை. முதலாளியே பார்ப்பார் என்றான் சித்தார்த்தன்.

யாரிடமும் சொல்லாதே என்றால் மயிலாப்பூரில் எங்களுக்கு அர்த்தம் வேறு. வெளி மனிதர்களிடம் சொல்லாதே என்றுதான் எடுத்துக்கொள்வோம். கீழ் ஃபிளாட் சந்திரமௌலி மாமா வெளி மனிதரா என்ன? திருவல்லிக்கேணியில் பாங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் அவர் நடை முடிப்பதற்குள் ஒருவருக்கு வரன் அமைந்துவிடும், இன்னொருவருக்கு வாடகை வீடு முடிந்துவிடும். கிரீஷுக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். சொன்னேன்.

“இன்டர்வியூங்கறதெல்லாம் ஒப்புக்குடி. உள்ள நம்ம மனுஷா ஒருத்தர் இருந்தா போறும்,” என்றார் மாமா. “இரு இரு, அந்தக் கடைல நம்ம ஷரீஃப் இருக்கானே!”

“யார் மாமா அது?”

“என் பிராஞ்சுக்கு எதிர்ல டைலர் கடை வெச்சிண்டிருந்தவரோட பிள்ளை. பி.காம். முடிச்சுட்டு சும்மா சுத்திண்டிருந்தான். இந்த முதலாளியோட அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி நான்தான் உள்ள தள்ளினேன். இப்போ மேல ஆபீஸ்ல உக்காந்துண்டிருக்கான். என்னவா இருக்கான்னு கேட்டதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி ஸ்வீட்டோட வந்து நிப்பான்.”

நான் தடுக்கவில்லை. மாமா அப்போதே போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், ஊருக்கே கேட்கும்.

“ஷரீஃப், நம்மாத்துப் பொண்ணு மாதிரி. வெள்ளிக்கிழமை உங்க முதலாளியைப் பாக்க வரா. நீ ஒரு வார்த்தை போட்டு வை.”

“அதுக்கென்ன சார், சொல்லிட்டாப் போச்சு. என்ன வேலைக்கு வர்றாங்க?”

“எச்.ஆர். மேனேஜராம்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “சிக்னல் போயிடுத்து போல இருக்கு,” என்று மாமா போனைத் தட்டிப் பார்த்தார்.

“மேடம் நம்பர் குடுங்க சார். நானே பேசறேன்,” என்றது குரல்.

“பாத்தியா?” என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஷரீஃப் கூப்பிட்டார். கடைக்கு வர வேண்டாம், பனகல் பார்க் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மாடியில் பார்க்கலாம் என்றார். உள்ளே இருக்கிறவர், நாலு விஷயம் சொல்லிக் கொடுப்பார் என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போகும்போது அத்தனை நாளுக்கப்புறம் மனசுக்குள் ஒரு பாட்டுகூட ஓடியது.

ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை. கழுத்துப் பட்டையில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். காபி வந்தது. என் ஃபைலை வாங்கி, பிரிக்காமல் மேஜையில் வைத்தார்.

“இந்த வேலை இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க மேடம்?”

“ஒரு ஃப்ரெண்ட். பேர் சொல்லக் கூடாதுன்னு...”

“சரி, வேண்டாம். எப்ப சேரணும்னு சொன்னாங்க?”

“தீபாவளிக்கு முன்னாடி.”

“புதுசா ஒரு போஸ்ட் போடறாங்களாமா? இல்ல, இருக்கிறதா?”

வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். வெளியே வராத வேலை. முதலாளி தன் வாயாலேயே சொன்னது. இன்னொரு காதுக்குப் போகக் கூடாதது. பெருங்குடியில் இப்படி எத்தனை ஆள் எடுத்திருக்கிறேன்! நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே அவருக்குத் தெரியாமல் அடுத்தவரைத் தேடுவோம், அதனால்தான் வெளியே சொல்ல மாட்டோம். இந்தத் தொழிலிலேயே ஊறிப்போன எனக்கு, அந்த நாற்காலியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. வேலை வேண்டும் என்கிற வெறி கண்ணை மறைத்துவிட்டது.

“சார், நீங்க அங்க என்னவா இருக்கீங்க?”

அவர் பையிலிருந்த அட்டையை வெளியே எடுத்து, பட்டையோடு கழற்றி, என் ஃபைல் மேல் வைத்தார். அவருடைய புகைப்படத்துக்குக் கீழே, நான் கேட்டு வந்த பதவி அச்சாகியிருந்தது.

முதலில் மாமா மேல் கோபம் வந்தது, அப்புறம் சித்தார்த்தன் மேல் வந்தது, கடைசியில் என் மேலேயே வந்து நின்றது. இந்த மனிதருக்கு வேலை போகப்போகிற செய்தியை, அவரை வேலையில் சேர்த்துவிட்ட அதே வாயால் சொல்ல வைத்திருக்கிறேன்.

“நான் நாளைக்குப் போகலை சார்,” என்றேன். சொன்னேனே தவிர, அந்த வேலையை விட மனசு வரவில்லை.

“போங்க. நீங்க போகலைன்னா இன்னொருத்தர் வரப்போறாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்களாவது தெரிஞ்சவங்க.” அவர் காபியில் ஆடை படிந்துவிட்டிருந்தது. “எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. எனக்கு இது தெரியும்னு முதலாளிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவாரு. விஷயம் எப்படி வெளிய போச்சுன்னு துருவுவாரு, உங்களையும் எடுக்க மாட்டாரு. என் பொண்ணு தூபாவுக்கு மாப்பிள்ளை வீட்டுல பேசிட்டிருக்கோம். அப்பா பெரிய கடையில மேனேஜர்னு சொல்லித்தான் பேசறோம். தீபாவளி வரைக்கும் டைம் கிடைச்சா, அதுக்குள்ள எங்கயாவது பாத்துக்குவேன்.”

“நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“சார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவருக்கு மனசு தாங்காது.”

பில்லை அவர்தான் கொடுத்தார். என்னை விடவில்லை.

வீடு திரும்பினால் வாசலிலேயே மாமா நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

“என்னடி, ஷரீஃப் தைரியம் சொன்னானா? இன்னொண்ணு கேளு. நம்ம பார்க் ஃப்ரெண்ட் ஒருத்தர் அந்த முதலாளிக்கு ரொம்ப வேண்டியவர். காலம்பற அவரை விட்டு ஒரு போன் போடச் சொல்லப்போறேன். உள்ள ஷரீஃப்கிட்டயும் சொல்லி வெச்சாச்சுன்னு அவர் காதுல போடட்டும்.”

“வேண்டாம் மாமா!” என்று கத்திவிட்டேன். மேல் மாடியில் ஜன்னல் திறந்தது.

மாமாவின் முகம் சுருங்கியது. “ஏன்டி? நல்லதுதானே பண்றேன்?”

“ரெண்டு பக்கம் சொன்னா தப்பா எடுத்துப்பா மாமா. ப்ளீஸ்.”

“சரி சரி, உனக்கு வேண்டாம்னா வேண்டாம்,” என்றார். அந்தச் சரியை நான் நம்பவில்லை. வாயில் வந்ததை அடக்கி வைத்து அவருக்குப் பழக்கமே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை பால்கனியில் நின்று பார்த்தேன். மாமா பூங்காவுக்குப் போவது தெரிந்தது, திரும்பி வந்தது தெரியவில்லை. அதற்குள் நான் கிளம்ப வேண்டியிருந்தது. ஆட்டோ தேனாம்பேட்டை சிக்னலில் நின்ற நேரமெல்லாம் அந்த ஃப்ரெண்ட் இந்நேரம் போன் பேசிக்கொண்டிருப்பாரோ என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

முதலாளியின் அறை கடையின் மேல்மாடியில். நெற்றியில் விபூதி, கையில் இரண்டு போன். என் பயோடேட்டாவைப் புரட்டிக்கொண்டே, “வெளிநாட்டுல படிச்சிட்டு பையன் வந்திருக்கான். எல்லாம் கம்ப்யூட்டர்ல, இங்கிலீஷ்ல ரிப்போர்ட் வேணுங்கறான். இப்ப இருக்கறவன் நல்லவன்தான். ரொம்ப நல்லவன், அதான் தொல்லை. யாரு லீவு கேட்டாலும் குடுத்துருவான்,” என்றார்.

என் கைப்பைக்குள் போன் நடுங்கியது. எடுத்து அணைக்கக் கை போனபோது திரையில் மாமா பெயரைப் பார்த்தேன். இதே நேரத்தில் மாமா எதற்காகக் கூப்பிடுகிறார்? சொல்லிவிட்டதைச் சொல்லவா?

முதலாளியின் போனும் மேஜை மேல் ஒளிர்ந்தது. எடுத்து, “ம்... ம்... அப்படியா? சரி, அப்புறம் பேசறேன்,” என்று வைத்தார். என்னை நேராகப் பார்த்தார்.

“எங்க கடையில வேலை பாக்கறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமாம்மா?”

அந்த போனில் பேசியது யார்? தெரியும் என்றால் ஷரீஃப் இன்றே வெளியே. தெரியாது என்று நான் சொல்லி, மாமாவின் ஆள் ஏற்கெனவே உளறியிருந்தால் நாங்கள் இரண்டு பேருமே வெளியே.

“தெரியாது சார்.”

அவர் பேனாவைத் திறந்து மூடினார்.

“நல்லது. தெரிஞ்சவங்க இருந்தா நான் எடுக்க மாட்டேன், ரெண்டு பேரும் சேந்துக்குவாங்க. திங்கக்கிழமை வந்துருங்க. தீபாவளி வரைக்கும் அவனுக்கு உதவிக்கு வந்த மாதிரி இருங்க. எல்லாத்தையும் அவன்கிட்டயே கத்துக்குங்க. அப்புறம் அந்த சீட்டு உங்களுக்கு. அவனுக்குத் தெரியாது, நீங்களும் காட்டிக்காதீங்க.”

மணியை அழுத்தினார். ஷரீஃப் வந்தார். அதே மாதிரி கஞ்சிச் சட்டை, அட்டை இன்று நெஞ்சில் நேராகத் தொங்கியது.

“ஷரீஃப், தீபாவளி கூட்டத்துக்கு உனக்குக் கை வேணும்னு கேட்டுட்டே இருந்தியே. கூட்டிட்டுப் போய் எல்லாம் காட்டு.”

ஷரீஃப் கைகூப்பினார். “வணக்கம் மேடம். உங்க பேரு?”

“ஸ்ரீரஞ்சனி.”

“எந்த ஏரியாவுலேருந்து வர்றீங்க?”

“மயிலாப்பூர்.”

“அப்ப பஸ்ஸு வசதிதான்,” என்று சிரித்தார். முகத்தில் ஒரு சின்ன மாறுதலும் இல்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை கிடைத்துவிட்டது. எட்டு மாதமாக ஏங்கியது கைக்கு வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட முடியவில்லை.

அவருடைய அறை பில் போடும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரே மேஜை. நான் உட்கார இடம் வேண்டுமே என்று, அதில் பாதியிலிருந்த தன் சாமான்களை அவரே நகர்த்த ஆரம்பித்தார். ஃபிளாஸ்க், கண்ணாடிக் கூடு, தூபாவாக இருக்க வேண்டும், பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண்ணின் படம். மறுபடி போன் நடுங்கியது. எடுத்தேன்.

“என்னடி ஆச்சு? அப்போலேருந்து தவிச்சிண்டிருக்கேன்!” என்றார் மாமா.

“கெடைச்சுடுத்து மாமா. உங்க பார்க் ஃப்ரெண்டுகிட்ட...?”

“நீ கத்தின கத்தலுக்கப்பறம் சொல்வேனா? ஷரீஃப் ஒரு வார்த்தை போட்டானா, அதைச் சொல்லு.”

ஷரீஃப் மேஜையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவர் இல்லேன்னா கெடைச்சிருக்காது மாமா.”

“சொன்னேனோல்லியோ! உள்ள ஒருத்தர் இருந்தா போறும்!”

“மாமா,” என்றேன். “வேற எங்கயாவது, எந்தக் கம்பெனியா இருந்தாலும், உள்ள உங்களுக்கு யாரையாவது தெரியுமா? இதே மாதிரி வேலைக்கு. வெளிய மூச்சு விடப்படாது. தீபாவளிக்குள்ள வேணும்.”

“உனக்குத்தான் கெடைச்சுடுத்தேடி?”

“எனக்கில்ல மாமா.”

“பின்ன யாருக்கு?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. ஷரீஃப் நிமிர்ந்து என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தார்.

“எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு,” என்றேன்.