பத்து நாள் கட்டில்

முதலில் என் வாய்க்குத்தான் ஒரு அடி போட வேண்டும். இடுப்பு உடைந்ததற்கு வழுக்கல் மண்ணைத் திட்டலாம். எட்டாம் நாள் நான் உளறியதற்கு யாரைத் திட்டுவது?

ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். எண்பத்து நாலாம் வருஷ மழையில் கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்தேன். ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உடைந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு இரும்பு மூட்டு வைத்தார்கள். செலவு தோட்டத்து இன்சூரன்சுடையது. அதற்கு ஒரு சட்டம்: கட்டில் பத்து நாள்தான். மேலே வேண்டுமென்றால், இவளால் நடமாட முடியவில்லை என்று இன்சூரன்ஸ் அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும்.

எட்டாம் நாள் அதிகாரி சுப்பிரமணியம் வந்தார். கூடவே எங்கள் தோட்டத்துக் கணக்கர், கிராணி நல்லுசாமி. தினமும் விடிகாலை வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் போடுகிறவர் அவர்தான்.

"நடக்க முடியுமாம்மா?" என்று அதிகாரி கேட்டு முடிக்கவில்லை.

"முடியுங்க ஐயா!"

முப்பது வருஷப் பழக்கம். காய்ச்சலோ, வயிற்றில் பிள்ளையோ, பெரட்டில் கேட்டால் முடியும் என்றுதான் சொல்ல வேண்டும். முடியாது என்றவளுக்கு அன்று பேர் கிடையாது, கூலியும் கிடையாது. கிராணி முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அதிகாரி, நடமாடுகிறாள் என்று தாளில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டருக்கு விஷயம் தெரிந்ததும் கோபம் வந்தது. குந்தி உட்கார்ந்தால் புது மூட்டு கழன்றுவிடும், படியேறிப் பழக இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்றார். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கோ மண்ணில் வெட்டிய நாற்பத்திரண்டு படி. கக்கூஸில் குந்தித்தான் ஆக வேண்டும்.

"ஒன் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? ரெண்டு வாரம் கெடச்சிருந்தா கக்கூஸ்ல உக்கார பலகை அடிச்சிருப்பேன்லா!" என்று என் புருஷன் இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்த ஆபீசர திரும்பக் கூப்புடச் சொல்லுங்க. நானே பேசிக்கிறேன்" என்றேன். இருந்த கோபத்தில் நானே நடந்து போய் அழைத்திருப்பேன், கால்தான் ஒத்துழைக்கவில்லை.

டாக்டர் போன் செய்தார். பத்தாம் நாள் காலை அதிகாரியும் கிராணியும் வந்தார்கள்.

"நீங்கதானேம்மா முடியும்னு சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

"தரையில நடப்பேங்க ஐயா. எங்க லயத்துக்கு ஏது தரை? எல்லாம் படிதான். படியில நிக்க வச்சிக் கேளுங்க."

வார்டு நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸி, கைத்தாங்கலாக என்னை ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அழைத்துப் போனாள். கைப்பிடியைப் பிடித்து ஒரு படி ஏறினேன். இன்னொன்று. மூன்றாவதில் தொடை வெடவெடவென்று நடுங்கியது.

"இன்னும் ரெண்டு படிதானே பாஞ்சால, ஏறிடு லா! சரிவுல ஒன்ன மிஞ்ச எவ இருக்கா?" என்றார் கிராணி கீழே நின்றபடி. கெட்ட மனுஷரில்லை. பெரட்டிலும் இப்படிப் பேசிப் பேசித்தான் எங்களை மலையேற்றுவார்.

அதுதான் வினை. பல்லைக் கடித்திருந்தால் நான்காவதும் ஏறியிருப்பேன், அதிகாரி அதையும் எழுதியிருப்பார். கிராணி முன்னால் தோற்க எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டே நொண்டியானவர்களை எங்கள் லயத்தில் பார்த்திருக்கிறேன்.

கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கிராணியின் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"முடியலைங்க ஐயா."

குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று மறுபடியும் உரக்கச் சொன்னேன். "என்னால முடியல. எழுதுங்க."

அதிகாரி பழைய வரியை அடித்துவிட்டு, இன்னும் பதினாலு நாள் என்று எழுதினார். முப்பது வருஷத்தில் என் வாயிலிருந்து கிராணி கேட்காத சொல், 'முடியல'. இருளப்பன் பலகை வாங்க உடனே கிளம்பிவிட்டார்.

மிஸி என்னை மெதுவாக இறக்கினாள். "வலிக்குதாக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

"வலிக்குது" என்றேன்.