தப்புப் பக்கம் நடந்த காலை

கப்பலில் ஏறியதும் லாம்பிஸ் கேட்ட முதல் கேள்வி, "ஜிம் எந்த மாடியில?" என்பதுதான். அறையில் ஜன்னல் உண்டா, சாப்பாடு எங்கே என்று ஒரு வார்த்தை கிடையாது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் மேலே கையைக் காட்டினாள். என் கணவன் பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு மேலே போய்விட்டான். கிரீஸின் பிரேயஸ் துறைமுகம் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தபோது நான் தனியாகத் தளத்தில் நின்று, யாருக்கு என்று தெரியாமலே கையசைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருவரும் பிரேயஸை ஒட்டிய நிக்கேயாவில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அதனால் மரியாதை கிரியாதை எல்லாம் எங்களுக்குள் கிடையாது. அவன் சந்தையில் கசாப்புக் கடை வைத்திருந்தான். கடையை விற்ற அடுத்த வருடம் அவனுடைய அண்ணன், சோபாவில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே போய்ச் சேர்ந்தார். நாற்பதாம் நாள் கோயிலில் கோதுமைப் பிரசாதம் கொடுத்து முடித்த மறுநாள், லாம்பிஸ் ஒரு ஜோடி ஓட்டக் காலணியோடு வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. காலையில் ஓட்டம், அப்புறம் எடை தூக்குவது, மாலையில் வயிற்றுக்கென்று தனியாக ஒரு பயிற்சி. ஊருக்கே கொழுப்போடு கறி வெட்டிக் கொடுத்தவன், இப்போது முட்டையின் மஞ்சள் கருவை விஷத்தைப் போல ஓரமாக ஒதுக்கி வைக்கிறான்.

கப்பல் பயணத்துக்கு அடம்பிடித்தது நான்தான். நடுக்கடலில் இந்த மனுஷன் எங்கே ஓடிவிடுவான் என்று நினைத்தேன். என் அசட்டுத்தனத்தை என்ன சொல்ல! இவனைப் போன்றவர்களுக்காகவே மேல்தளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை போட்டு, கப்பலின் முன்பக்கத்தில் கண்ணாடிச் சுவரோடு ஜிம்மும் கட்டி வைத்திருந்தார்கள்.

தினமும் விடியும்போதே எழுந்துவிடுவான். இருட்டில் சாக்ஸ் தேடுவான். நான் புரண்டால், "நீ தூங்கு" என்பான். கதவு மெதுவாகச் சாத்தப்படும். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் கப்பல் போகிற தூரத்தையும் அவன் ஓடின கணக்கில் சேர்த்துக்கொண்டது. முதல் நாள் அது சொன்னபடி பார்த்தால் அவன் பாதிக் கடலை ஓடிக் கடந்திருந்தான். அதை நம்பாமல் சுற்றுகளை வாயால் எண்ண ஆரம்பித்தான். எண்ணுகிறவனிடம் யார் பேச முடியும்? துப்ரோவ்னிக் துறைமுகத்தில் எல்லோரும் இறங்கினோம், அவன் இறங்கவில்லை. "கப்பல் நிக்கறப்பதான் ஆர்கிரோ, அந்த ஓடற மெஷின் ஆடாம இருக்கும். ஜிம்மும் காலி" என்றான். கோட்டை மதிலை நான் தனியாகச் சுற்றிவந்தேன். என்னைப் படம் எடுத்துக் கொடுக்கும்படி ஒரு ஜெர்மன்காரரிடம் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் என் கால்கள் வரவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு ஜன்னலோரம் எங்களுக்கென்று இரண்டு பேர் மேஜை. பரிமாறுகிற பையன் முதல் நாள், "சாரும் வருவாங்களா?" என்று பணிவாகக் கேட்டான். மறுநாளும் கேட்டான். மூன்றாம் நாள் கேட்கவில்லை. ஒரு தட்டு மட்டும் வைத்துவிட்டுப் போனான். அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்ததும் எடுத்த ரொட்டியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

பக்கத்து மேஜையில் வோலோஸ் ஊர்க்காரி பெலாயியா. அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"ஏன் ஆர்கிரோ, உனக்குப் புருஷன்னு ஒருத்தன் நிஜமாவே இருக்கானா, இல்ல எங்ககிட்ட கதை விடறியா?"

"மேல ஓடிக்கிட்டிருக்கான்."

"எதுக்கு? யாரு துரத்தறா?"

அவள் மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் என் தங்கை ஊரானியாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கோர்ஃபு தீவில் இருக்கிறாள். திரும்பும் வழியில் கப்பல் கடைசியாக நிற்கிற இடம் அதுதான்.

"வந்துடுக்கா. மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு. ரெண்டு பேரும் உக்காந்து காபியாவது குடிக்கலாம்" என்றாள்.

காபியாவது என்று அவள் சொன்னதுதான் என்னை அசைத்துவிட்டது. மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். கோர்ஃபு வருவதற்குள் லாம்பிஸ் ஒரே ஒரு காலை என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியோடு அங்கேயே இறங்கிவிடுவேன். நிக்கேயா வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். அவனிடம் இதைச் சொல்லவில்லை. பயமுறுத்தி உட்கார வைத்த மனுஷனோடு என்ன சாப்பாடு வேண்டிக்கிடக்கிறது?

கோர்ஃபுவுக்கு முந்தின நாள் கேட்டேன். "நாளைக்கு ஒரு காபி சேர்ந்து குடிப்போமா?"

"நாளைக்கு ரொம்ப தூர ஓட்டம் ஆர்கிரோ. நாளன்னைக்குப் பாக்கலாமே."

நாளன்றைக்குக் கப்பல் பிரேயஸில் நிற்கும். நான் என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவன் தரையில் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான்.

காலையில் அவன் போன பிறகு எழுந்தேன். சொல்லாமல் போவது எனக்குப் பிடிக்காது. முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு இறங்கலாம் என்று மேல்தளத்துக்கு ஏறினேன். அந்தப் பாதைப் பக்கம் நான் போனது அதுதான் முதல் தடவை. தளத்தை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். காற்று கவுனைப் பிடித்து இழுத்தது. அவன் முதுகு தூரத்தில் வளைவு திரும்பிக்கொண்டிருந்தது. துரத்திப் பிடிக்க நான் என்ன சின்னப் பெண்ணா? அவன் சுற்றி வரட்டும், எதிரே போய்ச் சந்திக்கலாம் என்று மறுபக்கமாக நடந்தேன்.

"அம்மா! இன்னைக்கு இந்தப் பக்கமில்ல! போர்டைப் பாருங்க!" என்று எதிரே ஓடிவந்த ஒருவர் கத்தினார்.

அங்கே ஒரு பலகை இருந்தது. அதில் ஓர் அம்புக்குறி. ஒரு நாள் இந்தப் பக்கம் ஓட வேண்டும், மறுநாள் அந்தப் பக்கமாம். கப்பல் சட்டம். எனக்கு யார் சொன்னார்கள்?

"நான் எந்தப் பக்கம் போனா உங்களுக்கென்ன? ஓரமாத்தானே போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அப்போதுதான் லாம்பிஸ் எதிரே வந்தான். வேர்வை வழிந்து முகம் சிவந்திருந்தது.

"ஆர்கிரோ! தப்புப் பக்கம் வர்றே!"

"நான் கோர்ஃபுல இறங்கறேன்" என்றேன். அதற்குள் தாண்டிப் போய்விட்டான்.

பாதையின் மறுபக்கத்தில் மறுபடி சந்தித்தோம். "எல்லாரும்தான் இறங்கறாங்க. சாயங்காலம்தான் கப்பல் கிளம்பும்" என்றான் மூச்சிரைக்க.

"நான் கப்பலுக்குத் திரும்பி வர மாட்டேன். வீட்டுக்கும்."

அவன் நிற்கவில்லை. கால்கள் பழக்கத்தில் ஓடின. நானும் நிற்கவில்லை. நின்றிருந்தால் அழுதிருப்பேன். சாய்வு நாற்காலிகளைத் தாண்டி, சமையலறைப் புகைபோக்கியிலிருந்து பன்றி இறைச்சி வறுபடுகிற வாசனை வரும் மூலையைத் தாண்டி நடந்தேன்.

"ஊரானியா வீட்டுக்கா?" என்றான், மறுபடி எதிரே வந்தபோது.

"ஆமா."

அடுத்த தடவை, "எதுக்கு?" என்றான்.

"தனியாச் சாப்பிட முடியல, அதுக்கு."

அதற்கு அடுத்த தடவை அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஓடினான். என்னைத் தாண்டிய பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. "எனக்குப் பயமா இருக்கு ஆர்கிரோ!"

"என்ன பயம்?" என்று திரும்பிக் கத்தினேன். அவன் வளைவில் மறைந்துவிட்டான். பதிலுக்கு அவன் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நடை நடந்ததில்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்த மனுஷன், பயம் என்ற வார்த்தையை என்னிடம் சொன்னதே இல்லை.

"உக்காந்தா செத்துடுவேன்னு. அண்ணன் மாதிரி" என்றான், கிட்டே வந்ததும்.

"ஓடினாலும் சாவேடா!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தாண்டிப் போனான். அடுத்த முறை வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "அண்ணி இப்ப தனியாக் கிடக்கறாங்க. உன்ன அப்படி விட்டுட்டுப் போகக் கூடாதுன்னுதான் ஓடறேன்."

"இப்ப மட்டும் நான் யாரோட இருக்கேன் லாம்பிஸ்?"

அவன் போய்விட்டான். நான் அரைச்சுற்று நடந்தேன். எதிரே அவன் வரவில்லை. வளைவு திரும்பிப் பார்த்தால், பாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே அவனைச் சுற்றிப் போனார்கள்.

"எத்தனாவது சுத்துன்னு மறந்துபோச்சு" என்றான்.

அப்படியே வேர்வையோடு கீழே வந்தான். பையன் ஓடிப்போய் இன்னொரு தட்டு கொண்டுவந்தான். பெலாயியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். நான் ஆசைப்பட்ட காலைச் சாப்பாடு கடைசியில் வந்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்தோம்.

பேசுவதற்கு ஒன்றுமே வரவில்லை.

"காபி பரவால்ல" என்றான்.

"ம்."

ரொட்டியில் வெண்ணெய் தடவினான். நான் சர்க்கரையைக் கலக்கினேன், கரைந்த பிறகும் கலக்கினேன். அவன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தான், மேஜையில் வைத்தான். மேலே ஓடிக்கொண்டே கத்திய மனுஷனை இந்த நாற்காலியில் காணவில்லை. கத்தினவளும் இங்கே இல்லை. சாவுக்கு மட்டுமில்லை, இந்த மேஜைக்கும் பயந்துதான் ஓடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. ஒற்றைத் தட்டைப் பார்த்தபோது இருந்ததைவிட அதிகத் தனிமையாக இருந்தது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கும்போது வருகிற தனிமைக்கு யாரிடம் போய்ச் சொல்வது?

ஜன்னலுக்கு வெளியே கோர்ஃபுவின் பழைய கோட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. என் போன் அடித்தது. ஊரானியா.

"துறைமுகத்துல நிக்கறேன்க்கா. பெட்டி கனமா? காரைக் கிட்டக்க கொண்டுவரட்டுமா?"

நான் லாம்பிஸைப் பார்த்தேன். அவன் தட்டையே பார்த்துக்கொண்டு, யாரோ மூன்றாம் மனுஷியிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டான்.

"நாளைக்குக் காலைல பிரேயஸ் வர்றதுக்குள்ள ஒரு ஓட்டத்துக்கு நேரம் இருக்கு. நீயும் வாயேன். இன்னைக்கு மாதிரியே, தப்புப் பக்கமா."

மேஜையில் வராத பேச்சு அங்கே வரும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஓட ஆரம்பித்ததிலிருந்து "நீ தூங்கு" என்றான், "நீ போ" என்றான், "நீ சாப்பிடு" என்றான். வா என்று கூப்பிட்டது இப்போதுதான்.

"அக்கா? கேக்குதா?" என்றாள் ஊரானியா.

"கேக்குது. பெட்டி கொண்டுவரல" என்றேன்.