எனக்குத் தெரியாமல் நடந்த என் கல்யாணம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். அநியாயம். காரணம் இல்லாமல் நான் கத்தியதே கிடையாது, காரணங்கள்தான் அதிகம். பள்ளியில் என் பெயரே பட்டாசு. அந்தப் பெயரை வைத்தவள் கிறுக்கி, அது நான் அவளுக்கு வைத்த பெயர். பாடப்புத்தகம், பெஞ்சு, என் முழங்கை என்று காலியாக எது கிடைத்தாலும் படம் போட்டுவிடுவாள். கடைசி வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள். அப்புறம் அவள் ஓவியக் கல்லூரிக்குப் போனாள், நான் வேலை தேடிப் போனேன். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. தினமும் பேசியது வாரத்துக்கு ஒரு முறை ஆனது, பிறகு பிறந்தநாள் வாழ்த்தாகச் சுருங்கியது, பிறகு அதுவும் நின்றுபோனது. நான் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தது அதற்கும் அப்புறம்தான்.

போன வாரம் திடீரென்று அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி.

"பட்டாசு, நான்தான். நம்ம ரெண்டு பேரையும் வெச்சு ஒரு படக்கதை வரைஞ்சிருக்கேன். மூணு வருஷ உழைப்புடி. புத்தகமா போட ஆள் ரெடி. ஆனா பக்கத்துக்குப் பக்கம் நீதான் இருக்க. நீ வேணாம்னு சொன்னா பீரோல வெச்சுப் பூட்டிடுவேன், சத்தியமா. படிச்சுட்டு சொல்லு."

பின்னாலேயே ஒரு பார்சல் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவையும் பார்சலையும் திறந்தேன். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவ்வளவு சிரிப்பு! வேதியியல் வகுப்பில் எங்களை வெளியே நிறுத்தியது, பிரேக் இல்லாத சைக்கிளில் பேக்கரி வாசலில் போய் விழுந்தது, எல்லாம் அப்படியே இருந்தது. என் மூக்கை மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தாள். போகட்டும், மன்னித்தேன்.

பள்ளி முடிகிற இடம் வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். கண்ணாடிக் கட்டடத்தில் ஏசி அறை. அதில் குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு நான். எனக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். சாயங்காலம் என்னைக் கூட்டிப்போகக் காரில் ஒரு மீசைக்காரன் வருகிறான். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உடனே போனைப் போட்டேன்.

"ஏய், யாருடி இந்த மீசைக்காரன்?"

இத்தனை வருஷம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"உன் புருஷன்," என்றாள் மெதுவாக.

"எனக்கே தெரியாம எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கியா?"

"நீ என்ன பண்றன்னு எனக்குத் தெரியலடி. பெரிய ஆளா ஆகியிருப்பன்னு நெனச்சேன்."

"தெரியலன்னா கேக்க வேண்டியதுதானே? கண்ணு, காது, மூக்கு வெச்சு நீயா ஒருத்திய செஞ்சு அவளுக்கு என் பேரை வெப்பியா? புத்தகமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்!"

மூன்று வருஷ உழைப்பு என்று அவள் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

"நாளைக்கு நான் வேலை செய்ற எடத்துக்கு வா. பாத்துட்டு அப்புறம் வரை," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் அம்மா அந்தப் பக்கங்களைப் புரட்டினாள். மீசைக்காரனிடம் வந்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பையன் லட்சணமாத்தான் இருக்கான். நெஜமாவே இருக்கானா?"

"அம்மா!"

"கேட்டு வெக்கறதுல என்னடி தப்பு?"

மறுநாள் கிறுக்கி வந்தாள். மெலிந்து போயிருந்தாள். கட்டிப்பிடிப்பதா கைகொடுப்பதா என்று இருவருக்கும் தெரியவில்லை, அதனால் அவள் கையில் என் கருவிப் பையைக் கொடுத்து நாலாவது மாடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே லிஃப்ட் கதவு மூடுவதும் பாதியில் திறப்பதுமாக இருந்தது. படியேறி வந்த ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" என்றார்.

"வந்துட்டாரு சார், உங்க முன்னாடிதான் நிக்கறாரு," என்றாள் கிறுக்கி.

அவர் வந்த வேகத்திலேயே மேலே ஏறிப் போய்விட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கதவு ஓடுகிற பள்ளத்தில் ஏதோ சிக்கியிருந்தது. நான் மண்டியிட்டு ஸ்க்ரூ டிரைவரால் கிளறினேன். அவள் படியில் உட்கார்ந்து என்னை வரைந்துகொண்டே கேள்வி கேட்டாள். பயமா இருக்காதா? முதல் நாள் என்ன பண்ணின? அழுதியா? நான் சொல்லச் சொல்லப் பென்சில் ஓடியது. உள்ளே இருந்து வந்தது ஒரு தலைமுடி கிளிப். கதவு ஒழுங்காக மூடியது.

"கடைசிப் பகுதிய மொத்தமா மாத்தறேன். பதிப்பாளர் கத்துவாரு, கத்தட்டும்," என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து படக்கதையை எடுத்து, கோபத்தில் விட்ட இடத்திலிருந்து மீதியைப் படித்தேன். அது அவளுடைய கல்லூரி. நீளமான மேஜை, சுற்றிலும் ஒரு பட்டாளம், நடுவில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"நெட்ல நீ இந்த மாதிரி போட்டோ நெறைய போட்டிருந்த. இவ்ளோ பேர் இருக்கறப்ப நான் எதுக்குன்னுதான் போன் பண்ணல," என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அதுல பாதி பேரோட பேருகூட எனக்குத் தெரியாதுடி. போட்டோவுக்கு நிக்கச் சொன்னாங்க, நின்னேன். மதியம் மாடிப்படிக்குக் கீழதான் சாப்பிடுவேன். தனியா."

"எவ்வளவு நாள்?"

"கல்லூரி முடியற வரைக்கும்."

வேறு வழி தெரியாமல் கத்தினேன். "ஒரு போன் பண்ணியிருந்தா டப்பாவத் தூக்கிட்டு வந்திருப்பேன்ல!"

"நீ ஏசி ரூம்ல இருப்பன்னு நெனச்சேன்."

நான் அந்த மேஜைப் படத்தின் மேல் விரலை வைத்தேன்.

"உன் புத்தகத்துக்குச் சரின்னு சொல்லணும்னா ஒரு நிபந்தனை. என்னை மட்டும் மாத்தினாப் போதாது. இந்த மேஜையத் தூக்கிட்டு அந்த மாடிப்படிய வரை," என்றேன்.

"ஒருத்தி தனியா உக்காந்து சாப்பிடறத யாருடி படிப்பாங்க?"

"நான் படிப்பேன்."

அவள் என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். சட்டையெல்லாம் கிரீஸ், மூஞ்சியில் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை, நானும் நகரவில்லை.